ஆண் நுளம்பின் வயிற்றுக்குள்

கண்டி
2024 பெப்ரவரி 3

அன்புள்ள காக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

நான் அழைத்தால் நீங்கள் போனை எடுப்பதில்லை. எடுத்தாலும் பேச்சு சண்டையில்தான் முடியும். கடிதமென்றால் நான் சொல்லி முடிக்கும்வரை நீங்கள் குறுக்கே கதைக்க முடியாது. அதனால் எழுதுகிறேன். கிழித்துப் போடுவதாக இருந்தாலும் வாசித்துவிட்டுக் கிழியுங்கள்.

எங்கள் ஆய்வு நிலையம் டெங்கு நுளம்பைக் குறைக்க ஒரு சோதனை செய்யப் போகிறது. ஆய்வுகூடத்தில் வளர்த்த ஆண் நுளம்புகளுக்குக் கதிர்வீச்சுக் கொடுத்து, அவற்றுக்குக் குஞ்சு பிறக்காதபடி செய்து, ஊருக்குள் விடுவோம். அவற்றோடு சேர்ந்த பெண் நுளம்பு வழக்கம்போல முட்டையிடும். ஆனால் முட்டை பொரிக்காது. ஆண் நுளம்பு கடிப்பதில்லை, காக்கா. அதற்கு இரத்தம் வேண்டாம். பூவின் தேனும் செடியின் சாறும் போதும்.

தேர்ந்தெடுத்த இடங்களில் நம் மருதமுனையின் கடற்கரைப் பக்கமும் அதை ஒட்டிய பெரியநீலாவணையும் இருக்கின்றன. உங்கள் வீட்டு வளவும் அதற்குள் வருகிறது. பள்ளிவாசல் நிர்வாகமும் ஊர்ச் சங்கங்களும் சம்மதிக்காமல் ஒரு நுளம்பைக்கூட விடமாட்டார்கள். அந்த நிர்வாகத்தில் நீங்கள் இருக்கிறீர்கள். வேறொருவர் வாயால் நீங்கள் இதைக் கேள்விப்படக் கூடாது என்று நினைத்தேன். ஊரைத் தேர்ந்தெடுத்தது நான் இல்லை. பெயர் வந்தபோது வேண்டாம் என்று நான் சொல்லவும் இல்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். எங்கள் ஆண் நுளம்புகள் தோற்கின்றன. அறையளவு பெரிய வலைக்கூட்டில் ஊர் நுளம்புகளோடு சேர்த்து விட்டால், பெண் நுளம்புகள் பெரும்பாலும் ஊர் ஆண்களோடுதான் போகின்றன. நம்முடையவை சுவரில் ஒட்டிக்கொண்டு சும்மா இருக்கின்றன. ஏன் என்று தேடுகிறேன். இப்போது அவற்றின் வயிற்றுக்குள் தேடுகிறேன்.

ஹிதாயாவின் செம்பரத்தை இப்போதும் பூக்கிறதா?

உங்கள் தங்கச்சி
ஸம்றா


மருதமுனை
2024 பெப்ரவரி 11

தங்கச்சி ஸம்றாவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம்.

கிழிக்கவில்லை. வாசித்தேன். என் மறுமொழி, வேண்டாம் என்பதுதான்.

ஹிதாயாவை இந்த ஊரில் ஒரு நுளம்பு கொன்றது. டாக்டர்மார் கடதாசியில் டெங்கு என்று எழுதினார்கள். நான் நுளம்பு என்கிறேன். காய்ச்சல் விட்டுவிட்டது, உடம்பு குளிர்ந்துவிட்டது என்று நான் சந்தோஷப்பட்டு எல்லோருக்கும் போன் எடுத்துச் சொன்ன அன்றுதான் அவள் மௌத்தானாள். அந்த வீட்டு வளவிலேயே நுளம்பை அவிழ்த்துவிடப் போகிறோம், சம்மதியுங்கள் என்று என் தங்கச்சியே எழுதுகிறாள்.

நான் ஏன் உன்னோடு கதைப்பதில்லை என்று உனக்குத் தெரியும். தெரியாதமாதிரி எழுதியிருக்கிறாய். அவளுடைய நாற்பதாம் நாள் கத்தம் ஓதி, சனம் சாப்பிட்டுப் போனபிறகு, நீ பெரியம்மாவின் பிள்ளைகளோடு குசினியில் இருந்து கதைத்துக்கொண்டிருந்தாய். நான் கை கழுவ வந்தேன். நீ சொன்னாய்: "அதுட காலில வெள்ளை வளையம் வளையமா இரிக்கும். லென்சால பாத்தா வெள்ளிக் கொலுசு போட்டமாதிரி, அவ்வளவு வடிவு." உன் கண் மினுங்கினதை நான் பார்த்தேன். ஹிதாயா உன் கூட்டாளி. என்னைக் கலியாணம் முடிக்கும் முன்னமே பள்ளிக்கூடத்தில் உன்னோடு ஒரே வாங்கில் இருந்தவள். அவளைக் கொன்றதைப் போய் வடிவு என்றாய்.

நிர்வாகக் கூட்டத்தில் இந்தக் கதை வந்தால் நான் எதிர்த்துத்தான் சொல்வேன். மற்றவர்கள் என்ன முடிவெடுக்கிறார்களோ எடுக்கட்டும்.

செம்பரத்தை பூக்கிறது. அதற்குத் தண்ணீர் ஊற்ற ஆள் இருக்கிறது.

வீரமுனையிலிருந்து எருமைப் பால் வந்துவிட்டது. காய்ச்சி ஆறவைத்துச் சட்டிகளுக்கு உறை ஊற்ற வேண்டும். இவ்வளவுதான் எழுத நேரம்.

றஸ்மி


கண்டி
2024 பெப்ரவரி 25

அன்புள்ள காக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

நான் அன்று சொன்னதை இல்லை என்று சொல்லமாட்டேன். சொன்ன இடம் உங்களை வெட்டியது என்பது இப்போதுதான் முழுவதுமாக விளங்குகிறது. ஆனால் காக்கா, ஒன்றை நாள் முழுக்க லென்சுக்குக் கீழே வைத்துக்கொண்டு வெறுத்துக்கொண்டே இருக்க என்னால் முடியவில்லை. ஹிதாயா போனபிறகு முயன்று பார்த்தேன். வெறுப்பில் வேலை கெட்டது. பிறகு பார்க்கத் தொடங்கினேன். பார்க்கப் பார்க்க வேறொன்று வந்தது. அதற்கு என்ன பெயர் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பயமும் அதில் இருக்கிறது.

உறை ஊற்றப் போகிறேன் என்று எழுதியிருந்தீர்கள். அதிலிருந்தே சொல்கிறேன். உங்கள் பாலைத் தயிராக்குவது பற்றீரியா. நுளம்பின் வயிற்றுக்குள்ளும் அப்படிப் பலவகைப் பற்றீரியாக்கள் இருக்கின்றன. அவை அங்கே சும்மா தங்கியிருக்கவில்லை.

நான் என் கையால் செய்த ஒன்றைக் கேளுங்கள். நுளம்பு முட்டைகளை எடுத்து, ஓட்டில் ஒரு பற்றீரியாகூட இல்லாதபடி கழுவி, கொதித்து ஆறிய சுத்தமான தண்ணீரில் விட்டேன். சாப்பாடும் அப்படியே சுத்தம் செய்தது. முட்டை பொரித்தது. வயிறு நிறையச் சாப்பாடு இருந்தும் வெளிவந்த குடம்பிப் புழுக்கள் வளரவில்லை. துடித்துக்கொண்டு, நீந்திக்கொண்டு, பிறந்த அளவிலேயே இருந்தன. அருகில் சாதாரணத் தண்ணீரில் இருந்தவை கூட்டுப்புழுவாகி, சிறகு முளைத்துப் பறந்துவிட்டன. இவை அப்படியே இருந்தன. பிறகு உயிருள்ள பற்றீரியா கலந்த ஒரேயொரு துளியை அந்தத் தண்ணீரில் விட்டேன். அடுத்தடுத்த நாட்களில் அவை தோலுரித்து வளரத் தொடங்கின. நான் அந்தத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். என்னோடு வேலை செய்கிறவள் வந்து, "ஏன் அழுறீங்க?" என்று கேட்டாள். தட்டைக் காட்டினேன். ஓர் உயிர் வளர்வதற்கு, கண்ணுக்கே தெரியாத இன்னோர் உயிர் அதற்குள் போக வேண்டியிருக்கிறது. இப்படி ஒரு ஏற்பாடு குட்டை தோறும், தேங்காய்ச் சிரட்டை தோறும் நடந்துகொண்டிருக்கிறது. நாம் அதைத் தட்டிக் கவிழ்த்துவிட்டுப் போகிறோம்.

இன்னும் இருக்கிறது. சிறகு முளைக்கும் முன், கூட்டுப்புழுவாக இருக்கும்போது, அது தன் பழைய குடலையே களைந்துவிடுகிறது. அதிலிருந்த பற்றீரியாக்களில் பெரும்பாலானவை அதோடு போய்விடும். வெளியே வந்தவுடன் தான் பிறந்த தண்ணீரைக் குடித்து, பூவில் தேனெடுத்து, வயிற்றை மறுபடி குடியேற்றுகிறது.

எங்கள் ஆண்களின் குறை அங்கேதான் என்று நினைக்கிறேன். அவற்றுக்கு நாங்கள் கதிர்வீச்சுக் கொடுக்கிறோம், வடிகட்டிய சீனித் தண்ணீர் கொடுக்கிறோம். பூவும் இல்லை, குட்டைத் தண்ணீரும் இல்லை. வயிற்றைப் பார்த்தால் ஒரேயொரு வகை பெருகிக் கிடக்கிறது, மற்றவற்றைக் காணவில்லை. ஊர் ஆண்களின் வயிற்றில் இருப்பவை எவை என்று தெரிந்தால், அவற்றை வளர்த்து எங்கள் ஆண்களுக்குச் சீனித் தண்ணீரில் கொடுத்துப் பார்க்கலாம்.

அதற்கு மருதமுனையின் ஆண் நுளம்புகள் வேண்டும். உங்கள் வளவில் பொறி வைக்க விடுவீர்களா? இது நுளம்பை விடுவதற்கான சம்மதம் இல்லை. பிடிப்பதற்கு மட்டும் கேட்கிறேன்.

ஹிதாயாவை நானும்தான் இழந்தேன், காக்கா.

ஸம்றா


மருதமுனை
2024 மார்ச் 24

தங்கச்சி ஸம்றாவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம்.

நோன்பு நாட்களில் தயிர் கேட்டுச் சனம் வாசலில் நிற்கும். அதனால் மறுமொழி எழுதப் பிந்திவிட்டது. உன் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். உறை ஊற்றும்போது சட்டிக்குள் பார்க்கப் பழகிவிட்டேன். ஒன்றும் தெரிவதில்லை.

பக்கத்து வளவுக் கலந்தர் காக்காவின் மகளுக்கு டெங்கு வந்தது. நான் ஆஸ்பத்திரிக்குப் போகக் கூடாது என்றுதான் இருந்தேன். அந்த வாட்டின் வாசலில் நிற்க என்னால் முடியாது. ஆனால் கலந்தர் காக்கா வேனில் ஏறும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார், விடவில்லை. போனேன். மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, அவர் சிரித்துக்கொண்டு வெளியே ஓடி வந்தார். "அல்ஹம்துலில்லாஹ், காய்ச்சல் உட்டுட்டு றஸ்மி. புள்ளட உடம்பு சில்லெண்டு இரிக்கி." ஹிதாயாவுக்கும் அப்படித்தான் குளிர்ந்தது. அவருடைய சந்தோஷத்தை உடைக்கவும் முடியவில்லை, பேசாமல் நிற்கவும் முடியவில்லை. "காக்கா, இப்பதான் கவனமாப் பாக்கணும். உள்ளுக்குப் போய் நேர்ஸ்ஸிட்டச் சொல்லுங்க. வயித்து நோ இரிக்கா, ஒண்ணுக்குப் போறாளா எண்டு கேளுங்க," என்றேன். அவர் முகம் மாறியது. உள்ளே ஓடினார். பிறகு டாக்டர்மாரும் ஓடி வந்தார்கள். பிள்ளை பிழைத்துவிட்டாள். நேற்று வீட்டுக்கு வந்தாள். சாயங்காலம் வேலிக்கு மேலால் நோன்புக் கஞ்சியை அவளே எட்டித் தந்தாள்.

உன் ஆட்கள் வந்து பொறி வைக்கட்டும். பிடிப்பதற்கு மட்டும். நீ வர வேண்டாம். உன்னைப் பார்த்தால் எனக்கு என்ன வரும் என்று எனக்கே தெரியாது.

இதை எழுதி முடிக்கும் முன்னமே உன் நிலையத்தின் ஆள் சம்மதம் கேட்டு வாசலுக்கு வந்துவிட்டான், சரி என்றேன். பெரியநீலாவணைப் பொடியன், சுஜிந்தன். கலியாணம் முடித்து இரண்டு பிள்ளை. தகப்பன் தோணிக்காரர். ஒரு குழாயின் நுனியை வாயில் வைத்து மூச்சை இழுத்து நுளம்பைப் பிடிக்கிறான். தொண்டைக்குள் போகாதபடி நடுவில் வலைத்துண்டு வைத்திருக்கிறான். "நல்லகாலம் தம்பி, உமக்கு நோன்பில்ல," என்றேன். சிரித்தான்.

சிறிய கண்ணாடிக் குப்பியில் ஓர் ஆணைப் போட்டு லென்சைக் கையில் தந்தான். வேண்டாமென்று சொல்லத்தான் வாயெடுத்தேன். பிறகு பார்த்தேன். அதன் தலையில் இரண்டு குஞ்சம். கோழி இறகைப் பிய்த்து ஒட்டினமாதிரி. "அதாலதான் காக்கா அது கேக்கிற. பெண் நுளம்புட சிறகுச் சத்தத்தை அதால பிடிக்கும்," என்றான். நான் நுளம்பைப் பற்றி எத்தனையோ நினைத்திருக்கிறேன். அது ஒன்றைக் கேட்கக் காத்திருக்கும் என்று நினைத்ததில்லை.

குப்பியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

றஸ்மி


கண்டி
2024 ஜூன் 30

அன்புள்ள காக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு நீங்கள் அனுப்பிய தயிர்ச் சட்டி உடையாமல் வந்து சேர்ந்தது. யார் அனுப்பியது என்று கேட்டார்கள். காக்கா என்றேன். அந்தச் சொல்லைச் சத்தமாகச் சொல்லி எவ்வளவு காலம்.

உங்கள் வளவில் பிடித்த ஆண்களின் வயிற்றிலிருந்து பலவகைப் பற்றீரியாக்களைப் பிரித்தெடுத்தோம். உங்களுக்கு விளங்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்: ஒரு நுளம்பின் வயிறு கடுகைவிடச் சிறியது. அதைத் திறந்து ஒரு துளி நீரில் கரைத்து, அதில் கொஞ்சத்தைத் தட்டில் பூசி மூடிவைத்தால், இரண்டொரு நாளில் தட்டு முழுக்கப் புள்ளிகள் பூக்கின்றன. மஞ்சள், வெள்ளை, ஒருவகை சிவப்பு. ஒவ்வொரு புள்ளியும் கணக்கற்ற உயிர்கள்.

முதலில் சிவப்பைக் கொடுத்தோம். எங்கள் ஆண்கள் இன்னும் வேகமாகச் செத்தன. காலையில் கூட்டைத் திறந்தால் தரையெல்லாம் உதிர்ந்து கிடந்தன.  எல்லாப் பற்றீரியாவும் நல்லதென்று நினைத்த என் மடமையை அவை உதிர்ந்து காட்டின.

பிறகு மஞ்சளைக் கொடுத்தோம். முதலில் பெரிய மாற்றம் ஒன்றும் தெரியவில்லை. நீண்ட நாள் உயிரோடு இருந்தன, அவ்வளவுதான். பெரிய வலைக்கூட்டுக்குள் ஊர் ஆண்களோடு சேர்த்து விட்டோம். அவை சுவரை விட்டு எழும்பின, காக்கா. கூட்டின் நடுவே வந்து சுழன்று பறந்தன. பெண் நுளம்பு கடந்து போனதும் அவளை நோக்கித் திரும்பின. பெண்கள் இட்ட முட்டைகளைத் தண்ணீரில் விட்டுப் பார்த்தால், முன்னரைவிட எவ்வளவோ அதிகமானவை பொரிக்கவில்லை. எங்கள் பேராசிரியர் எண்களை வாங்கி, முதலிலிருந்து தானே மறுபடி கூட்டிப் பார்த்தார்.  

சுஜிந்தன் உங்களிடம் சொன்னது உண்மை. ஆண் கேட்கிறது. கேட்பது மட்டுமில்லை. பறந்துகொண்டே ஒன்றையொன்று நெருங்கும்போது, ஆணும் பெண்ணும் தங்கள் சிறகின் சுருதியை மாற்றிச் சில கணம் ஒன்றோடொன்று பொருத்துகின்றன. நம் காதில் விழுவது வெறும் ரீங்காரம். ஒலிவாங்கி வைத்துக் கேட்டால் இரண்டு குரல்கள் ஒன்றைத் தேடிப்போவது தெரியும். எங்கள் நலிந்த ஆண்களால் அதுவரை அந்தச் சுருதியை எட்டிப் பிடிக்க முடியவில்லை. மஞ்சள் பற்றீரியா வயிற்றில் குடியேறியபிறகு எட்டின. ஏன், எப்படி என்று எங்களுக்குத் தெரியாது. சாப்பாட்டைச் சக்தியாக்கிக் கொடுக்கிறதா, வேறென்ன செய்கிறது என்று தேட எனக்கு இன்னொரு ஆயுள் வேண்டும். வயிற்றுக்குள் இருக்கும் ஒன்று சிறகின் குரலைத் தொடுகிறது. இதை அறிந்த அன்று நான் அல்லாஹ்வுக்கு நன்றி சொல்லி ஷுக்ருடைய ஸஜ்தாவில் விழுந்தேன். எழும்ப மனம் வரவில்லை.

இனிக் கேட்க வேண்டியதைக் கேட்கிறேன். மழைக்கு முன் விடத் தொடங்கினால்தான் பலன். ஊர்க்கூட்டம் வைக்க வேண்டும். நான் வரக்கூடாது என்றால் வரவில்லை. சுஜிந்தன் ஒரு கூடு நிறைய ஆண்களோடு வருவான். நீங்கள் எதிர்த்துப் பேசுவதென்றால் பேசுங்கள். ஆனால் அவன் சொல்வதை முழுவதும் கேட்டுவிட்டுப் பேசுங்கள்.

ஸம்றா


மருதமுனை
2024 ஆகஸ்ட் 10

தங்கச்சி ஸம்றாவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம்.

நேற்று அஸர் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசல் மண்டபத்தில் கூட்டம் நடந்தது. நடந்ததை அப்படியே எழுதுகிறேன், சுஜிந்தன் வேறுமாதிரிச் சொல்வான்.

மண்டபம் நிறைந்துவிட்டது. பெரியநீலாவணையிலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். அவர்களின் மாதர் சங்கத் தலைவி செல்லத்தங்கம் முன்வரிசையில் இருந்தார். சுஜிந்தன் மேசையில் கூட்டை வைத்தான். வெள்ளைத் துணிவலைக்குள் நுளம்பு மொய்த்துக்கொண்டு நின்றது. முன்னால் இருந்தவர்கள் கதிரையைப் பின்னுக்கு இழுத்தார்கள். அவன் சொன்னான். வயிறு, பற்றீரியா, கதிர்வீச்சு எல்லாம்.

முதலில் எழும்பியது நிர்வாகத்தில் என்னோடு இருக்கிறவர். "என்னத்துக்கு எங்கட ஊர்? கொழும்புல நுளம்பு இல்லையா? நாங்க என்ன சோதன எலியா?" கை தட்டினார்கள். அல்லாஹ் படைத்ததில் கை வைக்கலாமா என்று ஒருவர் கேட்டார். மௌலவி நிதானமாகச் சொன்னார்: "மௌத்தாப் போன புள்ளைகள அடக்க மையவாடிக்குக் கொண்டுபோறதும் எங்கட கைதான். அதுக்கு முந்தி இந்தக் கையால ஏலுமானதச் செய்யிறதுல தடை ஒண்டும் எனக்குத் தெரியல்ல."

செல்லத்தங்கம் கேட்டதுதான் கூட்டத்தை நிறுத்தியது. "தம்பி, ஆணையும் பெண்ணையும் பிரிக்கிறது நீங்கதானே. ஒண்டு ரெண்டு பெண் தப்பி வந்திட்டா?"

சுஜிந்தன் மழுப்பியிருக்கலாம். அவன் சொன்னான்: "தப்பி வரலாம் அக்கா. அதுகளும் கதிர் பட்டதுதான், பெருகாது. நோயாளியக் கடிக்காததால அதுகளிட்ட நோயும் இல்ல. ஆனா கடிக்கும். இல்லையெண்டு நான் பொய் சொல்ல மாட்டன்."

மண்டபம் இரைந்தது. "அப்ப இந்தக் கூட்டுக்குள்ள இரிக்கிறது ஆணெண்டு எப்பிடி நம்புற?" என்று பின்னால் ஒருவன் கத்தினான். இரண்டு மூன்று பேர் எழும்பிப் போகத் தொடங்கினார்கள்.

நான் எதிர்த்துப் பேசத்தான் போனேன், ஸம்றா. என் முறை வந்து எழும்பினேன். மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்று கூட்டைப் பார்த்தேன். எல்லாவற்றின் தலையிலும் குஞ்சம். இவ்வளவு அடர்ந்த குஞ்சம் ஆணுக்குத்தான் இருக்கும் என்று சுஜிந்தன் சொல்லியிருந்தான். சேட்டுக் கையை மடித்தேன். கூட்டின் பக்கத்தில் சட்டைக் கைமாதிரித் துணிக்குழாய் ஒன்று இருந்தது, அதற்குள்ளால் கையை விட்டேன்.

 ஹிதாயாவின் கையில் ஊசி குத்தின இடங்கள் ஞாபகம் வந்தன. வாயில் பாத்திஹா தானாக வந்தது. அவை என் தோலில் வந்து இருந்தன. முழங்கைவரைக்கும் கறுத்துப் போனது. பாரமே இல்லை. கால்கள் நடப்பது மட்டும் தெரிந்தது, மூச்சுக்காற்றுப் பட்டமாதிரி. ஒன்றும் குத்தவில்லை. ஒன்றுகூட. எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது.  அந்தச் சிறகுகளின் இரைச்சல் மட்டும் கேட்டது. இவ்வளவு உயிர்கள் என் கையில் இருக்கின்றன, ஒவ்வொன்றின் வயிற்றுக்குள்ளும் நீ எழுதின அந்தக் கணக்கற்ற உயிர்கள் இருக்கின்றன என்று நினைத்தேன். தலை சுற்றியது. கடலின் நடுவில் தோணியை நிறுத்திவிட்டுக் கீழே பார்த்தால் வருமே, அப்படி.

கையை எடுத்துச் சனத்துக்குக் காட்டினேன். "பாருங்க," என்றேன். அவ்வளவுதான் என் பேச்சு.

செல்லத்தங்கம் எழும்பி வந்தார். காப்பைக் கழற்றி மடியில் செருகிவிட்டுத் தன் கையை விட்டார். "கூசுது," என்றார். சனம் சிரித்தது. அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியும். இரண்டு ஊரும் சம்மதித்துக் கையெழுத்து வைத்தாயிற்று.

விடுகிற அன்று நீ வா. உன் அறையைக் கூட்டித் துடைக்கச் சொல்லியிருக்கிறேன்.

றஸ்மி


கண்டி
2024 செப்டம்பர் 22

அன்புள்ள காக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். சுகமாக வந்து சேர்ந்தேன். பஸ்ஸில் முழுக்க நித்திரை.

உங்களோடு இருந்த நாட்களில் நாம் அதிகம் கதைக்கவில்லை. ஹிதாயாவை அடக்கிய மையவாடிக்குள் நீங்கள் போய் ஓதினீர்கள், நான் மதிலுக்கு வெளியே நின்று ஓதினேன். திரும்பி வரும்போது என் பையை நீங்கள் வாங்கிக்கொண்டீர்கள். எனக்கு அது போதுமாக இருந்தது.

அந்தக் காலையைப் பற்றி மட்டும் எழுத நினைக்கிறேன். ஸுபஹு தொழுதுவிட்டுச் சனம் பள்ளிவாசலிலிருந்து இறங்கி வந்து தெருவோரம் நின்றது. சிலர் பிள்ளைகளைத் தோளில் வைத்திருந்தார்கள். பெரியநீலாவணைப் பக்கம் செல்லத்தங்கம் அக்கா தன் ஆட்களோடு நின்றார். உங்கள் வளவுக்குரிய பெட்டியை சுஜிந்தன் என்னிடம் நீட்டினான். நான் உங்களிடம் தந்தேன். நீங்கள் பிஸ்மில்லாஹ் சொல்லி மூடியைத் திறந்தீர்கள்.

ஆய்வுகூடத்தில் ஆயிரம் தரம் மூடி திறந்திருக்கிறேன். அவை சுவருக்குத்தான் போகும். அன்று சுவர் இல்லை. ஒரு மெல்லிய புகை எழும்பியதுபோல எழும்பி, நம் தலைக்கு மேலே கொஞ்சநேரம் தயங்கி நின்று, பிறகு மரங்களுக்குள், கூரைகளுக்குள் பிரிந்து போய்விட்டன. எந்தப் பெண் எங்கே இருக்கிறாள் என்று அவற்றுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. வானத்தையே அன்றுதான் முதன்முதல் காண்கின்றன. சனம் தலையை நிமிர்த்திப் பார்த்துக்கொண்டு நின்றது. கலந்தர் காக்காவின் மகள் மட்டும், "இனி அதுகள் சாப்பிட எங்க போகும்?" என்று கேட்டாள். நீங்கள் செம்பரத்தையைக் காட்டினீர்கள்.

இனிக் கிழமைக்கொருதரம் விடுவார்கள். பெண் நுளம்புகள் வந்து முட்டையிட வைக்கும் முட்டைப் பொறிகளை சுஜிந்தன் பார்ப்பான். இது வெற்றி பெறும் என்று நான் உங்களுக்கு வாக்குத் தரமுடியாது. மழை சொல்லும்.

ஸம்றா


மருதமுனை
2025 ஜனவரி 19

தங்கச்சி ஸம்றாவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம்.

மழை ஓய்ந்து வெயில் எறிக்கத் தொடங்கியிருக்கிறது. இந்த மாரியில் வெள்ளம் முற்றத்துக்கு வந்து போனது. பக்கத்து ஊர்களில் டெங்கு இருக்கிறது. நம் பக்கத்தில் இதுவரை ஒருவர்தான், அவரும் வெளியூரில் வேலை செய்து காய்ச்சலோடு வந்தவர். உங்கள் நுளம்பால்தான் இப்படி என்று சொல்லலாமா என்று சுஜிந்தனிடம் கேட்டேன். "ஒரு மாரிய வச்சிச் சொல்லேலா காக்கா. இன்னும் ரெண்டு வருசம் பாக்கணும்," என்றான். ஆனால் முட்டைப் பொறிகளைப் பற்றிச் சொல்லும்போது அவனால் சிரிப்பை அடக்க முடியவில்லை. உனக்கு எண்கள் வந்திருக்கும்.

நான் எழுதவந்தது வேறு. போன கிழமை அவன் என் வளவுப் பொறியிலிருந்து முட்டை ஒட்டிய துணித்துண்டை எடுத்தான். அதைப் பார்க்கக் கேட்டேன். கறுப்புக் கறுப்பாக, தண்ணீரின் விளிம்பை ஒட்டி, ஒன்றையொன்று தொடாமல் நிரையாக வைத்திருந்தது. அவ்வளவு கவனம். தண்ணீர் ஏறினால் நனையும், ஏறாவிட்டால் காத்திருக்கும். இடத்தை அதற்கு யார் காட்டியது? சுஜிந்தன் எண்ணிப் படமெடுத்து முடித்தபிறகு, ஒரு சிறு துண்டை என்னிடம் தந்தான். நான் அதை ஒரு வெள்ளைக் கோப்பையில் தண்ணீர் விட்டு, வலையால் மூடி, கொல்லையில் வைத்தேன்.

பொரிக்கவில்லை. அடுத்த நாளும் பார்த்தேன். பொரிக்கவில்லை. நான் சந்தோஷப்பட வேண்டிய இடம் இது. சந்தோஷமாகத்தான் இருந்தது. அதோடு இன்னொன்றும் வந்தது, உன்னிடம் சொல்ல வெட்கமாக இருக்கிறது. இவ்வளவு ஒழுங்காக அடுக்கி வைத்துவிட்டுப் போன அந்தத் தாயை நினைத்து எனக்குப் பாவமாக இருந்தது. நானா இப்படி நினைக்கிறேன் என்று எழும்பி வெளியே போய்விட்டேன்.

அதற்கடுத்த நாள் ஒன்று பொரித்திருந்தது. ஒரேயொன்று. எந்த ஊர் ஆணுக்கோ பிறந்தது. கோப்பையின் அடியில் வளைந்து நெளிந்து, மேலே வந்து மூச்செடுத்து, மறுபடி கீழே போனது. சுஜிந்தன் விட்டுப்போன லென்சை எடுத்துவந்து கொல்லை வாசலில் இருந்தேன். உடம்பு கண்ணாடிமாதிரி. குடல் தெரிகிறது, ஸம்றா. அதற்குள் ஏதோ கறுப்பாக நகர்ந்து போவதுகூடத் தெரிகிறது. அங்கேதானே நீ எழுதினவை எல்லாம் இருக்கின்றன? இப்போதே குடியேறியிருக்குமா? அவை இல்லாவிட்டால் இது வளராது என்றால், இதை வளர்க்கிறது இதுவா, அவையா? பால் ஏத்திவந்த ஆள் வாசலில் நின்று ஹோன் அடித்தார். எழும்ப முடியவில்லை.

பிறகு கோப்பையை எடுத்துக்கொண்டு போய் வெயில் விழும் மணலில் ஊற்றினேன். ஊற்றாமல் விட நான் ஆயத்தமில்லை. ஹிதாயாவின் வீட்டில் அது பறக்கக் கூடாது. தண்ணீர் உடனே கீழே இறங்கிவிட்டது. குடம்பி கொஞ்சம் துடித்து அடங்கியது. குனிந்து நின்று பார்த்தேன். மணல் காய்ந்தபிறகும் அங்கேயே நின்றேன்.

அதன் வயிற்றுக்குள் இருந்தவை என்ன ஆகும்? அவையும் சேர்ந்து சாகுமா, அல்லது மண்ணுக்குள் இறங்கி வேறெங்காவது போய்ப் பிழைக்குமா? சுஜிந்தனுக்குத் தெரியவில்லை. நீ எழுது.

உன் காக்கா
றஸ்மி